வாயை மூடிக்கொண்டு எழுதிய பையன்

“வாயை மூடிக்கிட்டு எழுது” என்றார் ஆசிரியர். மூன்றாம் வகுப்பில் ஜன்னலோரம் அமர்ந்திருந்த அந்தப் பையன் உடனே இடது கையால் வாயைப் பொத்திக்கொண்டு வலது கையால் எழுத முயன்றான். பிடித்துக்கொள்ளக் கையில்லாமல் நோட்டு நழுவிக்கொண்டே போயிற்று. வகுப்பு சிரித்தது. கேலி செய்கிறான் என்றெண்ணி ஆசிரியர் அவனை எழுப்பி நிறுத்தினார். ஏற்காட்டு மலைப்பள்ளிகளுக்குச் சிறப்பாசிரியராகச் சென்றுவந்த நான் அன்று பின்வரிசையில் இருந்தேன். அவன் முகத்தில் குறும்பின் சாயலே இல்லை. சொன்னதைச் சொன்னபடி செய்ததற்கு ஏன் தண்டனை என்று விளங்காமல் நின்றான்.

நேற்று ஒப்பித்த வாய்பாடு இன்று அவனுக்கு நினைவில்லை. நாளை மறுபடியும் வந்துவிடும். “தெரிந்துகொண்டே அடம்பிடிக்கிறான்” என்ற முடிவுக்கு ஆசிரியர்கள் வருவது இந்த இடத்தில்தான். கருவிலிருக்கும்போது மதுவின் தாக்கத்துக்கு உள்ளான பிள்ளைகள் பலரிடம் இந்த ஏற்ற இறக்கம் உண்டு. கற்றது மூளையில் இருந்தாலும் வேண்டிய நேரத்தில் அதை எடுத்துத் தருவதும், அடுத்தது என்ன என்று திட்டமிடுவதும், மனத்தில் எழுந்ததை ஒரு கணம் நிறுத்தி வைப்பதும் அவர்களுக்குக் கடினம்.

சிறிய கண் திறப்பு, மெல்லிய மேலுதடு, மூக்குக்கும் உதட்டுக்கும் இடையே பள்ளமில்லாத சமதளம் ஆகியவை இந்நிலையின் முக அடையாளங்கள். 1973இல் அமெரிக்காவின் சியாட்டில் நகர மருத்துவர்கள் இதற்குக் ‘கரு மது நோய்க்குறி’ (Fetal Alcohol Syndrome) என்று பெயர் சூட்டினார்கள். 1968இலேயே பிரான்சில் பால் லெமுவான் என்ற மருத்துவர் இத்தகைய 127 குழந்தைகளைப் பற்றி எழுதியிருந்தார். ஆனால் முகத்தை மட்டும் பார்த்துத் தேடினால் பெரும்பாலான பிள்ளைகளைத் தவறவிட்டுவிடுவோம். முகம் உருவாவது கருவின் தொடக்க வாரங்களில். மூளையோ கர்ப்ப காலம் முழுவதும் வளர்கிறது. ஆகவே முகத்தில் எதுவும் தெரியாமலே மூளை பாதிக்கப்பட்டிருக்கலாம். கர்ப்ப காலத்தில் இவ்வளவு குடிக்கலாம் என்று சொல்லத்தக்க பாதுகாப்பான அளவு எதுவும் இல்லை.

இதையெல்லாம் படித்திருந்தும், அந்தப் பையனின் தாயிடம் நான் கேட்ட விதம் மிகத் தவறானது. தோட்டத்து லயன் வீட்டு வாசலில், மாமியார் அருகில் நிற்க, “பிள்ளை உண்டாகியிருந்தபோது குடித்தீர்களா?” என்று கேட்டுவிட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. அதன்பின் ஒரு பருவம் முழுக்கப் பள்ளிப் பக்கமே வரவில்லை. என் அவசரம் அந்தப் பிள்ளைக்கு நான்கு மாதங்களைத் தின்றது. மலையில் மட்டும்தான் இது நடக்கும் என்று எவரும் நினைக்க வேண்டாம். சேலம் நகரத்தில் வசதியான வீடொன்றிலும் இதே கேள்வி இதே மௌனத்தைத் தந்திருக்கிறது.

மறுமுறை தனியாகச் சந்தித்தபோது, கர்ப்ப காலத்தில் என்ன சாப்பிட்டார், எந்த மாதம் வரை வேலைக்குப் போனார், என்ன மருந்து எடுத்தார் என்று கேட்டு, அந்த வரிசையிலேயே மதுவைப் பற்றியும் கேட்டேன். “காப்பிப் பழம் பறிக்கிற சமயம், குளிருக்கும் உடம்பு வலிக்கும் வீட்டுல ஊத்திக் கொடுப்பாங்க. நாள் தள்ளிப்போனது அப்ப எனக்கே தெரியாதுங்க டீச்சர். வேணும்னு செய்யலைங்க” என்று அழுதார். வேண்டுமென்று எந்தத் தாயும் செய்வதில்லை என்பதை அவர் நம்பும்வரை திரும்பத் திரும்பச் சொன்னேன்.

சேலத்தில் மருத்துவர்கள் காது, கண், தைராய்டு, இரத்தசோகை என வேறு காரணங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்த பிறகே முடிவு சொன்னார்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் இதற்குத் தனி இடம் இல்லை. அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு போன்ற வேறொரு வகையின் கீழ்தான் சான்றிதழ் பெற முடியும். அந்த வரம்புக்குள் வராத பிள்ளை வெறுங்கையோடு திரும்புகிறது. இது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

இந்தப் பாதிப்பை நீக்கும் மருந்து கிடையாது. ஆனால் பிள்ளையைச் சுற்றியுள்ளவற்றை மாற்ற முடியும். “பையைத் திற, கணக்கு நோட்டை எடு, தேதி எழுது” என்று ஒரே மூச்சில் சொன்னால் அவன் பையைத் திறந்துவிட்டு அப்படியே நிற்பான். ஒன்றைச் சொல்லி, அது முடிந்தபின் அடுத்ததைச் சொன்னோம். “ஓடாதே” என்பதற்குப் பதில் “நடந்து வா” என்றோம். ஜன்னலோரச் சத்தத்திலிருந்து இடம் மாற்றினோம். தண்டனை பயன் தராது, ஏனெனில் நேற்றைய தண்டனையை இன்றைய செயலோடு அவனால் பொருத்திப் பார்க்க இயலவில்லை. அந்த ஆசிரியர்தான் இதை எல்லாரையும்விட விரைவாகப் புரிந்துகொண்டார். “வாயை மூடு” என்பதை விட்டுவிட்டு, “பேசாமல் எழுது, கண்ணு” என்று சொல்லத் தொடங்கினார்.

காலையில் செய்ய வேண்டியவற்றுக்காகப் பல் துலக்குதல், குளியல், சாப்பாடு, பை என நான்கு படங்கள் வரைந்து தாயிடம் கொடுத்திருந்தேன். அடுத்த முறை போனபோது அவை கதவின் உட்புறத்தில் சோற்றுப் பசையால் ஒட்டப்பட்டிருந்தன. கீழே ஐந்தாவதாக, கரித்துண்டால் வரைந்த கோணலான குடை ஒன்று இருந்தது. மலையில் எப்போது வேண்டுமானாலும் மழை வரும் என்பதால் அதை அந்தத் தாயே வரைந்து சேர்த்திருந்தார்.