ஏர்பேக் விரியவில்லை என்றால் யாரைக் கேட்பது?

கார்ப் பிரியர்கள் கூடும் இடத்தில் ஒரு விபத்துப் படம் வந்தால் போதும், உடனே இரண்டு கட்சி பிரிந்துவிடும். ஒரு பக்கம் "பாத்தியா, தகர டப்பா", இன்னொரு பக்கம் "ஓட்டினவன் சரியில்லை". அடிபட்டவருக்குச் சட்டப்படி என்ன கிடைக்கும், அதை யாரிடம் கேட்க வேண்டும் என்ற பேச்சு மட்டும் வருவதே இல்லை. எனக்கு அதுதான் ஆதங்கம்.

அதிலும் ஏர்பேக் விரியவில்லை என்று ஒருவர் புலம்பினால், கம்பெனி வாயைத் திறப்பதற்குள் நம்மவர்களே முந்திக்கொண்டு, மோதிய கோணம் அப்படி, வேகம் போதவில்லை, சென்சார் இருக்கும் இடத்தில் அடி விழவில்லை என்று அடுக்குகிறார்கள். சில நேரம் அது உண்மைதான், பின்னாலிருந்து இடித்தால் முன் ஏர்பேக் விரிய வேண்டியதில்லை. ஆனால் எல்லாவற்றுக்கும் அதையே பதிலாகச் சொல்லிவிட முடியாது.

ஹூண்டாய் கிரெட்டா வழக்கைப் பாருங்கள். 2015 ஆகஸ்டில் வாங்கிய கார், 2017 நவம்பரில் டில்லி - பானிபட் நெடுஞ்சாலையில் விபத்து. முன் ஏர்பேக்குகள் விரியவில்லை, உரிமையாளருக்குத் தலை, நெஞ்சு, பல் எல்லாவற்றிலும் காயம். டில்லி மாநில நுகர்வோர் ஆணையம் 3 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடு, காரையும் மாற்றிக் கொடு என்றது. கம்பெனி உச்ச நீதிமன்றம் வரை போனது. 2022 ஏப்ரலில் அங்கேயும் தள்ளுபடி. வேகம், விசை என்று கணக்குப் போட்டு மோதலின் தாக்கத்தைக் கண்டுபிடிக்க நுகர்வோர் ஒன்றும் இயற்பியல் நிபுணர் இல்லை, முன்பக்கம் மோதினால் விரியும் என்று நம்பித்தானே ஏர்பேக் உள்ள காரை வாங்குகிறார் என்றது நீதிமன்றம். "கோணம் சரியில்லை" என்று வக்காலத்து வாங்கும் ஒவ்வொருவரும் இந்தத் தீர்ப்பை ஒருமுறை படிக்க வேண்டும்.

சரி, நம் பக்கம் மட்டும் சுத்தமா? பம்பருக்கு முன்னால் கனத்த இரும்புக் கம்பி மாட்டினால், சென்சாருக்குப் போக வேண்டிய அதிர்வு மாறிப்போகும், நடந்து போகிறவர் மேல் பட்டால் காயமும் பெரிதாகும். மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே அதைத் தடுக்கச் சொல்லிவிட்டது, இன்னும் மாட்டிக்கொண்டுதான் திரிகிறார்கள். அப்புறம் அந்த கிளிப். சீட் பெல்ட்டின் நாக்கு மாதிரியே ஒரு இரும்புத் துண்டு, பக்கிளில் சொருகினால் எச்சரிக்கைச் சத்தம் நின்றுவிடும். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தலையிட்டு 2023 மே மாதம் ஐந்து ஆன்லைன் கடைகளிலிருந்து அதை நீக்க வைத்தது. பெல்ட் போடாத உடம்பு முன்னால் எகிறும் நேரத்தில் ஏர்பேக் முழு வேகத்தில் எதிரே வந்தால், காப்பாற்ற வேண்டியதே காயப்படுத்தும். 2022 செப்டம்பரில் மகாராஷ்டிராவின் பால்கர் அருகே, டாடா சன்ஸ் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி விபத்தில் இறந்தது பென்ஸ் காரில்தான். பின் சீட்டில் இருந்தார், பெல்ட் போடவில்லை. அந்த இடத்தில் தகரத்தின் கனத்தைப் பேசி என்ன பயன்?

உங்களுக்கோ தெரிந்தவருக்கோ இப்படி நடந்தால், ஆளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியதும், யாராவது ஒருவர் நின்று நாலு பக்கமும் காரைப் படம் எடுக்கட்டும். ஸ்டியரிங், டேஷ்போர்டு, பெல்ட் எல்லாம் தெரிய வேண்டும். இன்சூரன்ஸ் சர்வேயர் பார்க்கும் வரை சர்வீஸ் சென்டரில் எதையும் கழற்ற விடாதீர்கள். பல கார்களில் ஏர்பேக் கம்ப்யூட்டரில் மோதிய நொடியின் விவரம் பதிவாகியிருக்கும்; அதை எடுத்துத் தரச் சொல்லி கம்பெனியிடம் எழுத்தில் கேளுங்கள், வாய்மொழியாகக் கேட்டால் நாளைக்கு ஆதாரம் இருக்காது.