வட்டவடையில் ஓர் இரவு: பம்பு இல்லாமல் நிரம்பிய காற்றுமெத்தை

மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வழியாகப் பாம்பாடும் சோலையைக் கடந்து, நானும் நண்பரும் வட்டவடை போய்ச் சேர்ந்தபோது மாலை ஐந்து மணி ஆகியிருந்தது. இடுக்கி மாவட்டம் என்றாலும் அங்கே காதில் விழுந்ததெல்லாம் பெரும்பாலும் தமிழ்தான். பூண்டு எடுத்து முடித்த ஓர் அடுக்கு நிலத்தில் கூடாரம் அடித்துக்கொள்ள நிலத்துக்காரர் மனமுவந்து இடம் கொடுத்தார். கூடாரத்தை நிறுத்திய பிறகுதான் கால்பம்பின் ரப்பர்க் குழாய் நீளவாக்கில் பிளந்திருப்பதைப் பார்த்தோம்.

வாயால் ஊதி நிரப்புவதில் எனக்கு விருப்பம் இல்லை. என் மெத்தைக்கு ஏறத்தாழ 60 லிட்டர் காற்று வேண்டும். நெஞ்சு நிறைய இழுத்து ஊதினாலும் ஒரு மூச்சில் மூன்று, நான்கு லிட்டருக்கு மேல் வருவதில்லை. தொடர்ந்து அப்படி ஊதினால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து தலை சுற்றும். அதைவிடப் பெரிய கவலை ஈரம். நம் மூச்சு வெதுவெதுப்பும் ஈரமும் நிறைந்தது; 60 லிட்டர் மூச்சுக்காற்று மலைக்குளிரில் 10 டிகிரிக்கு இறங்கினால் ஒன்றரை கிராம் அளவுக்கு நீர் மெத்தைக்குள்ளேயே துளித்துவிடும். அளவு சிறிதுதான், ஆனால் ஒவ்வொரு இரவும் சேரும் அந்த ஈரம் எளிதில் உலர வழியில்லாததால் உள்ளே பூஞ்சை படர்கிறது. என் முந்தைய மெத்தை அப்படித்தான் வீணாயிற்று.

நண்பர் போடியில் இயற்பியல் ஆசிரியர். துணிகள் நனையாமலிருக்க முதுகுப்பைக்குள் போட்டிருந்த பெரிய பிளாஸ்டிக் உறையை உருவி, உதறிப் பிரித்து, அதன் வாயை இரு கைகளாலும் அகல விரித்து, முகத்திலிருந்து ஓர் அடி தள்ளிப் பிடித்துக்கொண்டு நீளமாக ஒரே மூச்சு ஊதினார். உறை முழுவதும் புடைத்து நிமிர்ந்தது! வாயை உறையோடு ஒட்டி ஊதியிருந்தால் உள்ளே போயிருப்பது அந்த நான்கு லிட்டர் மட்டுமே. தள்ளி நின்று ஊதும்போது, வேகமாகப் போகும் மூச்சு தன்னைச் சுற்றி அசையாமல் நிற்கும் காற்றையும் உரசி இழுத்துக்கொண்டு போகிறது. உறையை நிரப்புவது பெரும்பாலும் அந்த மலைக்காற்றுதான். வீட்டு கேஸ் அடுப்பிலும் இதே வேலைதான் நடக்கிறது: சிறு முனையிலிருந்து சீறும் வாயு, பர்னருக்குக் கீழே உள்ள துளை வழியாகத் தனக்கு வேண்டிய காற்றைத் தானே இழுத்துக்கொள்கிறது.

கற்றுக்கொள்ள வேண்டியது மீதி வேலையைத்தான். ஊதி முடித்த கணமே உறையின் வாயை முறுக்கிவிட வேண்டும். நான் முதல் தடவை சற்றுத் தாமதித்ததில் பாதிக் காற்று போய்விட்டது. முறுக்கிய வாயை மெத்தையின் வால்வுமேல் வைத்து, ஒருவர் முஷ்டியால் இறுகப் பிடித்துக்கொண்டு முறுக்கைத் தளர்த்த, மற்றவர் உறையைக் கட்டியணைத்து மெல்லச் சாய வேண்டும். என் வால்வு உள்ளே போன காற்றைத் திரும்ப விடாத வகை என்பதால் மூன்று உறைகளில் மெத்தை திண்ணென்று ஆயிற்று. வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்த நிலத்துக்காரர், "வாயே வைக்காம நிறைஞ்சிருச்சே தம்பி" என்று வியந்து, அடுத்த மெத்தைக்குத் தாமே உறையை வாங்கி ஊதிப் பார்த்தார். அவருக்கு முதல் முயற்சியிலேயே வந்துவிட்டது.

இரவு ஒன்பது மணிக்கு மெத்தை சற்றுத் தொய்ந்திருந்தது. ஓட்டை இல்லை, 25 டிகிரியில் அடைத்த காற்று 10 டிகிரிக்குக் குளிரும்போது ஏறக்குறைய 5 விழுக்காடு சுருங்கும், அதாவது மூன்று லிட்டர். படுக்கும் முன் உறையால் இன்னொரு முறை அழுத்தி அதைச் சரிசெய்தோம்.

ஊர் திரும்பியதும் இதற்கென்றே நீண்ட பாலித்தீன் பை ஒன்றை எடுத்து, அடிமூலையை வால்வு நுழையும் அளவுக்கு வெட்டி, சைக்கிள் டியூப் வளையம் ஒன்றால் வால்வோடு இறுக்கும்படி செய்துகொண்டேன். இப்போது முஷ்டியால் பிடிக்க இரண்டாவது ஆள் தேவைப்படுவதில்லை. கால்பம்பின் பிளந்த குழாயை நான் மாற்றவே இல்லை.