ஒட்டுசுட்டான் வீதியில் வைரவர் காவல்

கிளிநொச்சியிலிருந்து ஏ9 வீதியில் தெற்கே வந்தால் முறிகண்டிப் பிள்ளையாரிடம் நிற்காமல் போகிற வாகனம் அபூர்வம். நாங்களும் நின்றோம், தேங்காய் உடைத்தோம், கச்சான் வாங்கினோம். பிள்ளையாரைப் பற்றி எழுத ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். எனக்குச் சொல்ல இருப்பது, மாங்குளத்தில் இடது பக்கம் திரும்பி ஒட்டுசுட்டானுக்குப் போகிற வழியில் மரத்தடிகளில் காவல் நிற்கிற வைரவரைப் பற்றி.

கோயில் என்று சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. பாலையோ வேம்போ ஒரு மரம், அதன் அடியில் சூலம், அதில் சுற்றிய சிவப்புத் துணி, எண்ணெய்ப் பிசுக்கேறிய விளக்கு. சில இடங்களில் மேலே நாலு தகரம். நாங்கள் மோட்டார் சைக்கிளை நிறுத்திய இடத்தில் அன்று மடை, அதாவது பொங்கிப் படைக்கிற பூசை. வயல் வெட்டு நல்லபடி முடிந்ததற்கு ஒரு குடும்பம் பொங்கிக்கொண்டிருந்தது. உழுந்து வடையை நூலில் கோத்து மாலையாகச் சூலத்தில் போட்டிருந்தார்கள். இரவில் வயற்காவலுக்குப் போனவர்களை யானையும் பாம்பும் அண்டாமல் பார்த்துக்கொண்டவர் அவர்தானாம்.

அங்கிருந்த பெரியவரிடம், “கோபக்காரச் சாமி எண்டு சொல்லுறாங்களே, பயமில்லையா ஐயா?” என்று கேட்டேன்.

“எங்களுக்கென்ன பயம் தம்பி? கள்ளனுக்கெல்லோ பயம்!”

புராணத்தில் அவர் பயங்கரமானவர்தான். அகந்தை கொண்ட பிரமனின் ஐந்தாவது தலையைக் கிள்ளி எறியப் புறப்பட்ட சிவனின் கோபமே வைரவர். கிள்ளிய கபாலம் கையோடு ஒட்டிக்கொண்டது. அதையே பிச்சைப் பாத்திரமாக ஏந்தி ஊரூராக அலைந்தார். காசிக்குப் போன பிறகுதான் அது கையை விட்டு விழுந்தது. அந்த நகரத்துக்கே காவலராகவும் ஆனார். பாவத்தின் பாரத்தைத் தானே சுமந்து திரிந்தவரிடம் ஒரு நகரத்தை ஒப்படைத்திருக்கிறார்கள் பாருங்கள், இந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம் அதுதான். சிவன் கோயில்களில் இரவுப் பூசை முடிந்து கதவைப் பூட்டியதும் திறப்பை வைரவரிடம் வைத்துவிட்டுப் போகும் வழக்கமும் இதை ஒட்டியதுதான்.

பூசை முடிகிற நேரம் பெரியவர் ‘விரித்த பல்கதிர்கொள் சூலம்’ என்று தொடங்கினார். திருச்சேறையில் அப்பர் பாடிய தேவாரம். வைரவராகி யானையின் தோலை உரிக்கிறார் சிவன்; பக்கத்தில் உமை அஞ்சுவதைக் கண்டதும் வாய்விட்டுச் சிரித்துவிடுகிறார். பெரியவர் சொன்னதும் கிட்டத்தட்ட இதுதானே! உக்கிரமெல்லாம் வெளியாருக்கு.

வடையைப் பிய்த்துத் தின்ன வந்த நாய்களை யாரும் துரத்தவில்லை. வைரவரின் வாகனமாயிற்றே, யார் கல்லெடுப்பது?

சூலத்துக்குப் பதிலாகச் சிலை வைத்துக் கட்டடமும் எழுப்ப வேண்டும் என்று அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆசை. வெளிநாட்டிலிருந்து காசு வருமாம். எனக்கென்னவோ அந்தச் சூலமே போதும் என்று பட்டது. காட்டோரத்தில் காவல் நிற்பவருக்கு மண்டபமும் கிறில் கதவும் எதற்கு? ஆனால் கும்பிடுகிறவர்கள் அவர்கள். வழியில் போகிற நான் என்ன சொல்ல!

பொங்கலும் வடையும் கையில் தந்து, ஒட்டுசுட்டானில் தான்தோன்றீஸ்வரரையும் பார்த்துவிட்டுப் போகச் சொன்னார்கள். புறப்படும்போது பெரியவர் கூப்பிட்டுச் சொன்னார்: “இருட்டினால் யானை வீதிக்கு வரும் தம்பி. வைரவர் நிக்கிறார் எண்டு நினைச்சுக்கொண்டு கண்மண் தெரியாமல் ஓடாதையுங்கோ.”