மஞ்சளைக் குறைத்த கதை

அச்சகத்தில் படங்களுக்கு கலர் கரெக்‌ஷன் செய்வது என் வேலை. கல்யாண ஆல்பம், நகைக்கடை கேட்லாக், பள்ளி ஆண்டு மலர் என்று எது வந்தாலும் கண் முதலில் முகத்துக்குத்தான் போகும். மஞ்சள் ஏறியிருந்தால் இறக்க வேண்டும், பச்சை தட்டினால் மெஜந்தா என்கிற கருஞ்சிவப்பு மையைக் கூட்ட வேண்டும். இருபது வருடப் பழக்கம், கை தானாகப் போய்விடும்.

ஒருமுறை ஓவியம் பற்றிய புத்தகம் ஒன்று வந்தது. அதில் சிப்பாய் உடையில் ஒருவர், உதட்டில் சிகரெட், காமாலை கண்டவர் மாதிரி முகம். ஸ்கேனில்தான் கோளாறு என்று மஞ்சளை இறக்கி, மெஜந்தாவை ஏற்றி அனுப்பிவிட்டேன். ப்ரூஃபை, அதாவது மாதிரி அச்சைப் பார்த்த பதிப்பாசிரியர் போனில் சிரித்தார். "அவர் உடம்பைத் தேத்தி விட்டுட்டீங்களே சார்!"

அப்புறம்தான் உட்கார்ந்து பார்த்தேன். ஜெர்மன் ஓவியர் எர்ன்ஸ்ட் லுட்விக் கிர்ஷ்னர் 1915இல் தன்னையே சிப்பாயாக வரைந்த படம். பீரங்கிப் படையில் சேர்ந்து, போர்முனையைப் பார்க்காமலே மனம் உடைந்து வெளியே வந்தவர். படத்தில் வலது கை மணிக்கட்டோடு துண்டாகியிருக்கிறது. நிஜத்தில் அவருக்கு இரண்டு கையும் நன்றாகவே இருந்தன. வரைகிற கை போய்விடுமோ என்ற பயம், போய்விட்டதாகவே படத்தில் வந்திருக்கிறது. அந்தத் துண்டுக் கையை வரைய அவருக்கு ஒரு கை வேண்டியிருந்ததே என்று நினைத்தால் எனக்கு என்னவோ செய்கிறது.

கண்கள்தான் என்னை ரொம்ப நேரம் பிடித்து வைத்தன. எங்கள் தொழிலில் மங்கிய கண்ணுக்குள் ஒரு வெள்ளைப் புள்ளி வைப்போம், முகத்துக்கு உயிர் வந்துவிடும். இவர் கருமணியே வைக்கவில்லை. சீருடையின் நீலம்தான் கண்ணுக்குள்ளும் இருக்கிறது. பின்னால் ஒரு மாடல் நிர்வாணமாக நிற்கிறாள், இவர் அந்தப் பக்கமே திரும்பவில்லை. கோடுகள் உளியால் வெட்டியதுபோல் கூராக விழுகின்றன. மரச்செதுக்கு அச்சு நிறையச் செய்தவர், பழக்கம் தூரிகைக்கும் வந்திருக்க வேண்டும். தோளில் 75 என்ற படைப்பிரிவு எண் மட்டும் பளிச்சென்று தெரிகிறது.

1937இல் நவீன ஓவியங்களை இழிவுபடுத்த 'சீரழிந்த கலை' என்று கண்காட்சி நடத்திய நாஜிகள் இதற்கு 'வேசியோடு சிப்பாய்' என்று பெயர் மாற்றினார்களாம். நானாவது மஞ்சளோடு நிறுத்தினேன்.

பழைய ஸ்கேனைத் தேடி எடுத்து, கை வைக்காமல் அச்சுத் தகடு போட அனுப்பினேன். மறுநாள் மெஷின்மேன் முதல் தாளைத் தூக்கிக்கொண்டு வந்தான். "அண்ணே, மூஞ்சியில மஞ்சள் தூக்கலா இருக்கே, குறைக்கவா?"

"வேணாம்டா, அப்படியே ஓட்டு."