பழைய டீசல் எஸ்யூவி: செல்ஃப் மந்தம், பேட்டரி இறக்கம், அடியில் 'டக்'

வண்டியில் இப்போதைக்கு மூன்று புகார்கள். காலையில் செல்ஃப் மந்தமாகச் சுற்றுகிறது. நாலு நாள் ஓட்டாமல் விட்டால் பேட்டரி படுத்துவிடுகிறது. கிளட்ச் விட்டுக் கிளம்பும்போது அடியில் 'டக்'. பார்த்தவர்கள் எல்லாரும் பேட்டரியை மாற்று, செல்ஃப் மோட்டாரை மாற்று என்றார்கள். பழைய வண்டியில் அந்த வழியில் போனால் பாதி வண்டியை மாற்றிய பிறகும் புகார் அப்படியே இருக்கும். மல்டிமீட்டரை எடுத்தேன்.

இரவு முழுக்க நின்ற பேட்டரி 12.5 வோல்ட் காட்டியது. முழு சார்ஜ் என்றால் 12.6. இன்ஜின் ஓடும்போது 14.2. ஆக பேட்டரியும், அதைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரும் நிரபராதிகள். அடுத்து, இன்ஜின் ஸ்டார்ட் ஆகிவிடாதபடி டீசலைத் திறந்துவிடும் மின்வால்வான கட்-ஆஃப் சொலினாய்டின் வயரைக் கழற்றிவிட்டு, செல்ஃப் அடிக்கச் சொல்லி அளந்தேன். பேட்டரி முனையில் 10.8 இருக்கிறது, செல்ஃப் மோட்டாருக்குப் போய்ச் சேர்வது 9.5 தான். மிச்சம் எங்கே போகிறது? பிளஸ் கேபிளில் 0.2 இழப்பு, அது பரவாயில்லை. பேட்டரி மைனஸுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவில் 1.1! அதில் மைனஸ் முதல் சேசிஸ் (வண்டியின் அடிச்சட்டம்) வரை வெறும் 0.1. மாட்டிக்கொண்டது இன்ஜினையும் சேசிஸையும் இணைக்கும் எர்த் பட்டை.

இதே பட்டையை ஓம் அளவில் வைத்துப் பார்த்தால் மீட்டர் 'நல்லா இருக்கு' என்றுதான் சொல்லும். செல்ஃப் இழுப்பது 200 ஆம்பியர் என்றால், 1 வோல்ட்டை விழுங்க 0.005 ஓம் போதும். சாதாரண மீட்டர் அதைப் பிடிக்காது. லோடு கொடுத்து அளந்தால்தான் குட்டு வெளிப்படும்.

போல்ட்டைக் கழற்றியபோது பட்டையின் கண்ணுக்கடியில் பச்சைப் பொடி, சேசிஸ் பக்கம் துருவும் பெயின்ட்டும். உப்புத்தாளால் வெறும் இரும்பு மின்னும்வரை தேய்த்து, புதுப் பட்டை போட்டு முடுக்கி, மேலே வாசலின் தடவினேன். இழப்பு 0.15 ஆக இறங்கியது. செல்ஃப் இப்போது சுறுசுறுப்பு. கூடவே இன்னொரு லாபம்: ஹெட்லைட் போட்டால் டெம்பரேச்சர் முள் கொஞ்சம் மேலேறும், அதுவும் நின்றது. ஆல்டர்னேட்டர் கரண்ட்டும் அதே பட்டை வழியாகத்தானே திரும்புகிறது. முள் ஏறியது சூட்டால் அல்ல; இன்ஜின் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் மாற்றலிலிருந்து தப்பித்தது.

பேட்டரி இறக்கத்துக்கு, மைனஸ் கேபிளைக் கழற்றி நடுவில் மீட்டரை 10 ஆம்பியர் அளவில் மாட்டினேன். (இந்த நிலையில் சாவியைத் திருப்பி செல்ஃப் அடித்தால் மீட்டரின் ஃபியூஸ் போய்விடும்.) எல்லாம் அணைந்தபின் 0.05 ஆம்பியருக்குள் இருக்க வேண்டியது, அரைமணி நேரம் கழித்தும் 0.43-இல் நின்றது. ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கத் தேவையில்லை. தலையில் தெரியும் இரண்டு உலோகப் புள்ளிகளில் மில்லிவோல்ட் பார்த்தால் போதும். கரண்ட் ஓடும் ஃபியூஸ் மட்டும் ஏதாவது காட்டும். காட்டியது உள்விளக்கு ஃபியூஸ். 0.4 ஆம்பியர் என்பது கிட்டத்தட்ட ஒரு 5 வாட் பல்பு. ஆனால் எந்த விளக்கும் எரியக் காணோம். குளோவ் பாக்ஸுக்குள் செல்போனில் வீடியோவை ஓடவிட்டு மூடிப் பார்த்தேன்: உள்ளே பளிச்சென்று எரிகிறது. சுவிட்ச் பித்தான் வளைந்து மூடி அதைத் தொடவேயில்லை. நிமிர்த்தியதும் 0.03.

'டக்' இன்னும் முழுசாகத் தீரவில்லை. சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, கியரை நியூட்ரலில் போட்டு, கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்கு விசையைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்டைக் கையால் இப்படியும் அப்படியும் திருகிப் பார்த்தேன். ஷாஃப்ட் மூட்டுகளில் இருக்கும் கிராஸ் பேரிங்குகளில் ஆட்டமில்லை, மூடி ஓரத்தில் செந்துருப் பொடியும் இல்லை. ஷாஃப்ட் நீண்டு சுருங்க இடம் தரும் பல்வரி இணைப்பான ஸ்பிளைன் மட்டும் வறண்டு கிடந்தது. கிரீஸ் அடிக்கும் நிப்பிள் வாயில் மண் இறுகியிருந்தது. சுத்தம் செய்து கிரீஸ் அடித்ததில் சத்தம் பாதியாகக் குறைந்தது. மீதி பின் அச்சின் நடுவிலுள்ள டிஃபரன்ஷியல் பல்சக்கரங்களின் இடைவெளியா, லீஃப் ஸ்பிரிங் (பட்டைவில்) முனையிலுள்ள புஷ்ஷா என்று அடுத்த முறை பார்க்க வேண்டும். புஷ் மேல்தான் எனக்குச் சந்தேகம்: பிரேக் பிடித்து நிற்கும்போதும் லேசாகக் கேட்கிறது.