ஆயிரம் செல்லுக்குள் ஹெர்2வைத் தேடிய கதை

கட்டியிலிருந்து ஊசி வழியாக உறிஞ்சி எடுக்கும் சாம்பிளில் சில நேரம் சில ஆயிரம் செல்தான் தேறும். அதற்குள் ஹெர்2 புரதம் எவ்வளவு என்று அளப்பதுதான் என் ஆய்வு வேலை. மார்பகப் புற்றுநோயாளிக்கு டிராஸ்டுசுமாப் மருந்து கொடுக்கலாமா என்று முடிவெடுக்க மருத்துவர்கள் பார்க்கும் புரதம் இது, அதனால் குத்துமதிப்பாகச் சொல்ல முடியாது. கணக்கைப் பாருங்கள்: ஒரு செல்லில் மொத்தப் புரதமே சுமார் 100-200 பிகோகிராம், ஆயிரம் செல்லை உடைத்தாலும் 0.2 மைக்ரோகிராமுக்கு மேல் போகாது, புரதத்தைப் பார்க்கும் வழக்கமான முறையான வெஸ்டர்ன் பிளாட்டிலோ ஒரு லேனுக்கே 10-20 மைக்ரோகிராம் போடுவோம். டிஎன்ஏவாக இருந்தால் பிசிஆரில் பெருக்கிக்கொள்ளலாம். புரதத்துக்கு அந்த வழி கிடையாது, சிக்னலைத்தான் பெருக்க வேண்டும். அதற்குத்தான் தங்க நானோ துகள்.

துகள் செய்வது சுலபம். 1951இல் டர்கெவிச் குழு விவரித்த முறைதான்: கொதிக்கும் தங்க உப்புக் கரைசலில் சிட்ரேட் ஊற்றினால் மஞ்சள் மறைந்து, கருத்து, மாதுளைச் சாறு மாதிரி சிவப்பு வரும். கண்ணாடிப் பாத்திரத்தை மட்டும் ராஜ திராவகத்தில் கழுவிவிடுங்கள். அப்புறம் துகளில் ஹெர்2வைப் பிடித்துக்கொள்ளும் ஆன்டிபாடியை ஏற்ற வேண்டும், எவ்வளவு போதும் என்பதை உப்புக் கரைசலே காட்டிவிடும்: ஊற்றியதும் நீலமானால் போதவில்லை, சிவப்பாகவே நின்றால் சரி.

என் நேரத்தையெல்லாம் தின்றது பிளாங்க், அதாவது செல் இல்லாத ஒப்பீட்டுச் சாம்பிள். ஹெர்2வைப் பிடித்துக் கண்ணாடித் தகட்டில் ஒட்டிய துகள் மேல் வெள்ளி படியவைத்தால் அது பெருத்து மைக்ரோஸ்கோப்பில் புள்ளியாகத் தெரியும், ஆனால் செல்லே இல்லாமல் வெறும் பஃபர் கரைசல் விட்ட தகட்டிலும் புள்ளிகள் வந்துகொண்டே இருந்தன. பிளாங்கின் சராசரியோடு அதன் திட்ட விலக்கத்தை மூன்று மடங்காக்கிக் கூட்டினால் வருவதைத்தான் கண்டறியும் எல்லை என்கிறோம். பிளாங்க் ஆட்டம் போட்டால் துகள் எவ்வளவு நன்றாக அமைந்தும் பிரயோஜனமில்லை, இதை ஆய்வுக் கட்டுரைகளில் ஒரு வரியில் கடந்துபோய்விடுகிறார்கள் என்பதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம். துகள் கண்ட இடத்தில் ஒட்டாமலிருக்க பிஎஸ்ஏ என்ற மாட்டுப் புரதம் மட்டும் பூசியது பத்தவில்லை, பஃபரில் ட்வீன்-20 என்ற சோப்பு மாதிரிப் பொருள் சேர்த்து, துகள் மேல் பெக் என்ற பாலிமரும் பூசிய பிறகுதான் அடங்கியது. சாதாரண டியூபின் சுவரில் புரதம் ஒட்டிக்கொள்வதும் இவ்வளவு சின்ன சாம்பிளில் பெரிய இழப்பு, புரதம் ஒட்டாத வகை டியூபுக்கு மாறிவிடுங்கள்.

ஒப்பிட எஸ்கே-பிஆர்-3, எம்சிஎஃப்-7 என்ற இரண்டு மார்பகப் புற்றுநோய் செல் வகைகளையும் வைத்திருந்தேன். முதலாவதில் ஒரு செல்லுக்கே ஹெர்2 மூலக்கூறு சுமார் பத்து லட்சம் இருக்கும், இரண்டாவதில் மிகக் குறைவு. பிளாங்க் அடங்கியபின் இரண்டும் தெளிவாகப் பிரிந்தன, சந்தோஷம் தாங்கவில்லை.

இப்போது ரத்தம் கலந்த சாம்பிளில் முயற்சி நடக்கிறது. ஆல்புமினும் ஹீமோகுளோபினும் நாம் தேடுவதைவிடப் பல மடங்கு அதிகம் என்பதால் பின்னணி மறுபடி ஏறுகிறது. இந்த வேலைக்கு வருகிறவர்கள் முதல் நாளிலிருந்தே ரத்தம் மட்டும் விட்ட பிளாங்க் ஒன்றையும் கூடவே ஓட்டுங்கள்.