மீன் வண்டிக்குப் பலகை மாற்றும்போது

பாம்பன், மண்டபம், தொண்டிப் பக்கம் ஓடும் பழைய டாடா 407 மூடுபாடி வண்டிகளில் பாரம் தாங்காமல் தளப்பலகை முறிவது அபூர்வம். மீன் பெட்டியிலிருந்து ஐஸ் உருகி வழியும் உப்புத் தண்ணீர்தான் அதைத் தின்கிறது. உப்பு ஊறிய மரம் முழுசாகக் காயாது, காற்றின் ஈரத்தையே இழுத்துக்கொள்ளும். ஒரு போல்ட்டைக் கழற்றிப் பாருங்கள். ஓட்டையைச் சுற்றி விரற்கடை அகலத்துக்கு மரம் கறுத்து, நகத்தால் சுரண்டினாலே மாவாக உதிரும். மேலே தகடு அடித்திருந்தால் இன்னும் மோசம்: அடியில் போன தண்ணீருக்கு வெளியேற வழி கிடையாது.

வேலைக்கு ஏற்ற சமயம் மீன்பிடித் தடைக்காலம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. வண்டியும் சும்மா நிற்கும், மரமும் காயும்.

வாகையோ வேம்போ, வைரப்பகுதியாக, அதாவது நடுவில் கறுத்த கெட்டி மரமாகப் பார்த்து எடுங்கள். ஓரத்து வெள்ளைப் பகுதியைச் சீவி எறிய வேண்டியதுதான். ஊரெல்லாம் கிடக்கும் சீமைக்கருவேலம் ஆகாதா என்று கேட்பார்கள். மரம் கெட்டிதான், ஆனால் பத்தடிக்கு நேரான பலகை அதில் எங்கே கிடைக்கும்? தளம் 10 அடி நீளம், 6 அடி அகலம் என்றால் 6 அங்குலப் பலகை 12 வேண்டும். ஒன்றேகால் அங்குலக் கனத்துக்கு 6.25 கன அடி. சேதாரத்தோடு 7 வாங்குங்கள். இடைவெளி விடுவதால் கடைசிப் பலகையை ஓரத்தில் கொஞ்சம் இழைக்க வேண்டிவரும்.

பிரிக்கும் முன் பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். துருப்பிடித்த நட்டைக் கேஸில் வெட்டாமல் கிரைண்டரில் வெட்டுவதே மேல். அப்போதும் பொறி பறக்கும். டீசல் டாங்க், பிரேக் பைப், வயர் மேல் ஈரச் சாக்கு போடுங்கள், பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் இருக்கட்டும்.

பலகை போனதும் அதைத் தாங்கும் இரும்புக் குறுக்குச் சட்டங்களைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்காத இடத்தை வெட்டிப் புதுச் சேனல் வைத்து வெல்டு செய்ய வேண்டும். பெயின்டுக்கு முன் நல்ல தண்ணீரில் கழுவுவது முக்கியம். இங்கே பல போர் தண்ணீர் உவர்; அதில் கழுவினால் உப்பைத் திரும்பப் பூசியதாகிவிடும், சீக்கிரமே பெயின்டு கொப்புளிக்கும். கழுவிக் காயவைத்து, கம்பி பிரஷ் போட்டு, எபாக்சி பிரைமர் இரண்டு கோட்.

பலகையில் போல்ட் ஓட்டைகளை முதலில் போட்டுவிட்டு, பிறகு எண்ணெய் பூசுங்கள். ஓட்டையின் உள்சுவரும் பலகை முனையும்தான் அதிகம் குடிக்கும். வேகவைத்த ஆளிவிதை எண்ணெய், முனைகளுக்கு மூன்று தடவை. கழிவு ஆயில் வேண்டாம், மேலே போவது சாப்பிடும் பொருள்.

பச்சை ஈரமுள்ள பலகை காயும்போது பட்டைப் பக்கமாகக் குழியும். அதனால் வைரப் பக்கம், அதாவது மரத்தின் நடுவைப் பார்த்திருந்த பக்கம், மேலே இருக்கட்டும், தண்ணீர் தேங்காது. நடுவில் தொடங்கி இரு பக்கமும் போங்கள். சட்டத்துக்கும் பலகைக்கும் நடுவே 3 மி.மீ. ரப்பர் பட்டை. பலகைக்குப் பலகை 4 மி.மீ. இடைவெளி, அந்தக் கனத்தில் ஆணி ஒன்றைச் செருகி அளவு பிடிக்கலாம். மே மாதத்தில் நெருக்கி அடித்த தளம் ஐப்பசி மழையில் ஊதி, ஒன்றையொன்று தள்ளிக் கூனிக்கொண்டு எழும்பும், போல்ட்டையே இழுத்துவிடும்.

போல்ட் 8 மி.மீ., நீளம் 60, கால்வனைஸ் செய்த தட்டைத்தலை. தலை பலகைக்குள் அமுங்க வேண்டும், இல்லையென்றால் பெட்டி இழுக்கும்போது தட்டும். முனைச் சட்டங்கள் இரண்டிலும் பலகைக்கு இரண்டு, நடுச் சட்டங்களில் ஒன்று. ஆறு சட்டம் என்றால் மொத்தம் 96. ஓட்டை 9 மி.மீ., அடியில் அகல வாஷர். முறுக்கி மரத்தை நசுக்காதீர்கள். ஒரு வாரம் ஓடியதும் எல்லா நட்டையும் ஒருமுறை பிடியுங்கள், ஒரு மாதம் கழித்து இன்னொரு முறை.

அந்த 4 மி.மீ. சந்தில் செதிலும் மணலும் அடைத்துக்கொள்ளும். வாரம் ஒருமுறை பழைய ஹாக்ஸா பிளேடைச் செருகி, முன்னிருந்து பின்னாக ஒரே இழுப்பு.